நாற்பதார்

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். போன சொல்லைத் திருப்பிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாகப் பல்செட் செய்கிறாள். முன்னறையில் டாக்டரம்மா வாயை அச்செடுத்து அனுப்புவார். இவள் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, மெழுகில் பல் பல்லாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு முன்னறைக்கு அனுப்புவாள். டப்பாவின் மேல் நம்பர் இருக்கும், பெயர் இருக்காது. எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சிரிப்பு செய்து கொடுத்தவள், அதில் ஒருவர் சிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

இந்தத் தொழிலில் பாராட்டு என்று ஒன்று கிடையாது. புகார்தான் உண்டு. "அக்கா, நூத்திப் பன்னெண்டு. இடது பக்கம் உறுத்துதாம்" என்று டாக்டரம்மா கதவிடுக்கில் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போவார். பொருந்தியவர்கள் திரும்பி வரமாட்டார்கள். ஆகவே, சத்தம் இல்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இது அந்த அறைக்குள் நல்ல விதிதான். அதைத் தூக்கிக்கொண்டு அவள் வேறொரு இடத்துக்குப் போனாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அந்த வேறொரு இடம் ஒரு சபை. சபை என்றதும் மேடை, மைக், மாலை என்று கற்பனை செய்ய வேண்டாம். எல்லாம் போனுக்குள்தான். ஒரு கிரிப்டோ காயின் வைத்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் காயினை எப்படி நடத்துவது என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். கட்டணத்தைக் குறைக்கலாமா, பொது நிதியை எதற்குச் செலவழிக்கலாம், எந்த விதியை மாற்றலாம் என்று வாரத்துக்கு ஒரு தீர்மானம் வரும். ஒரு காயினுக்கு ஓர் ஓட்டு. படிக்க நேரமில்லாதவர்கள் தங்கள் ஓட்டை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். அப்படி ஓட்டை வாங்கிக்கொள்கிறவருக்குப் பிரதிநிதி என்று பெயர்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு நாட்டில் இருக்கும் அவள் தம்பி போனில் சொல்லச் சொல்ல, அவள் இதில் பிரதிநிதியாகச் சேர்ந்தாள். "வீடு, பல்லு, வீடு, பல்லுன்னு எத்தனை நாளைக்குக்கா? நாலு பேரோட பழகு" என்றான். அங்கே வைத்துக்கொள்ள ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். கையில் என்ன ஒட்டிக்கொண்டிருந்ததோ அதையே வைத்தாள்: மெழுகு. நாமும் அப்படியே கூப்பிடுவோம். தம்பிக்கு ஆறே மாதத்தில் காயின் பைத்தியம் தெளிந்து ஓட்டப் பந்தயப் பைத்தியம் பிடித்துவிட்டது. அக்கா மட்டும் நின்றுவிட்டாள்.

நின்றாள் என்றால் சும்மா நிற்கவில்லை. மற்ற பிரதிநிதிகள் எல்லாம் ஓட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். மெழுகு ஒவ்வொரு ஓட்டுக்கும் காரணம் எழுதுவாள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன், சமையலறை மேசையில் உட்கார்ந்து, தீர்மானத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, ஏன் ஆம், ஏன் இல்லை என்று ஒரு பக்கம். நான்கு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு காரணங்கள். அவளிடம் ஓட்டை ஒப்படைத்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவை கடிதம் மாதிரிப் போய்ச் சேரும். ஒருவர்கூடப் பதில் போட்டதில்லை. எங்கேயும் உறுத்தவில்லை போலிருக்கிறது என்று அவள் சந்தோஷமாக அடுத்ததை எழுதுவாள்.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒருவர் தனி.

ஒப்படைத்தவர்களின் பட்டியலில் பெயர்கள் இருக்காது. எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு முகவரி மட்டும் இருக்கும். சேர்ந்து சில மாதம் கழித்துத்தான் அந்தப் பட்டியலைப் பார்க்கவே அவளுக்குத் தெரிந்தது. உச்சியில், நானூற்று ஒன்பது என்று முடிகிற ஒரு முகவரி இருந்தது. நாற்பது ஓட்டு. தேதியைப் பார்த்தாள். அவள் பிரதிநிதியாகப் பதிந்துகொண்ட அதே நாள். ஒரு வரி எழுதுவதற்கு முன்பே, யார் எவர் என்று தெரியாமலே, ஒருவர் தன் நாற்பதையும் அவள் கையில் கொடுத்திருக்கிறார். அவளை யாரும் அப்படி நம்பியதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள்.

அவருக்கு நாற்பதார் என்று பெயர் வைத்தாள். மற்றவர்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்று வைத்திருந்தார்கள், அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காயின் விலை ஏறியபோது பலர் விற்றுவிட்டு ஓடினார்கள், நாற்பதார் விற்கவில்லை. விலை பாதாளத்துக்குப் போனபோதும் விற்கவில்லை. அப்படியே அசையாமல் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராக இருக்கும், கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, வரியின் கீழ் விரலை ஓட்டிப் படிப்பவராக இருக்கும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். எழுதும்போது ஒரு வாக்கியம் சிக்கலாகப் போனால், "இது நாற்பதாருக்குப் புரியுமா?" என்று கேட்டு அடித்துவிடுவாள். போகப் போக, தனியாகச் சாப்பிடும்போது, "என்ன நாற்பதாரே, உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று வாய்விட்டே சொல்ல ஆரம்பித்தாள். சிரிக்காதீர்கள். ஆறு பேர் உட்காரும் மேசையில் ஒரே ஒரு தட்டை வைத்துப் பல வருடம் சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் தச்சர் என்ற பெயருள்ள ஓர் உறுப்பினர் கட்டையைப் போட்டார். அவர் கொண்டுவந்த தீர்மானம் இதுதான்: ஓட்டை ஒப்படைத்தவர்கள் எல்லாரும் முப்பது நாளுக்குள் ஒரு தட்டுத் தட்டி அதை மறுபடி உறுதிப்படுத்த வேண்டும். தட்டாதவர்களின் ஒப்படைப்பு ரத்து. முப்பதாம் நாள் மாலை நான்கு மணிக்கு இருபது பேராவது உறுதிப்படுத்தாத பிரதிநிதி, பிரதிநிதியே இல்லை. 'போனவர்களின் ஓட்டை வைத்துக்கொண்டு இருப்பவர்களை ஆள்கிறோம்' என்று தச்சர் எழுதியிருந்தார்.

பிரதிநிதிகள் வட்டாரம் பரபரத்தது. பிரதிநிதிகளில் பெரிய கையான கழுகு, மெழுகுக்குக் குரல் செய்தி அனுப்பினார். "மெழுகு, இதுக்கு நீங்க இல்லைன்னு போடுங்க. போட்டி ரொம்ப நெருக்கமா இருக்கு, உங்க ஓட்டுலதான் முடியும். உங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு போனைத் தொலைச்சிருப்பாங்க. மீதிப் பேரு உங்களையே தொலைச்சிருப்பாங்க. நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா, சொல்லுங்க."

மெழுகு இரண்டு நாள் யோசித்தாள். தச்சர் சொல்வது நியாயம் என்று முதல் தடவை படித்ததுமே தெரிந்துவிட்டது, அதுதான் தொந்தரவு. இல்லை என்று போட்டால் காரணம் என்ன எழுதுவது? நாற்பதார் விரலை ஓட்டிப் படித்துக்கொண்டே வந்து, அந்த வரியில் நிறுத்தி, நிமிர்ந்து பார்ப்பாரே. மூன்றாம் நாள் காலை ஆம் என்று போட்டாள். 'ஓட்டுக் கொடுத்தவர் இருக்கிறாரா என்று கேட்பதற்கு ஓட்டு வாங்கியவர் பயப்படக் கூடாது' என்று காரணம் எழுதினாள். தீர்மானம் ஒன்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அவளிடம் இருந்தது அறுபத்தோராயிரம். ஆக, செய்தது அவள்தான்.

கழுகு ஒரு வார்த்தைதான் அனுப்பினார். "நல்லாயிருங்க."

மறுநாளிலிருந்து அவள் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் ஓட ஆரம்பித்தது. முதல் நாள் நான்கு பேர். அவள் எண்ணைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பட்டியலைத் திறந்து நானூற்று ஒன்பதைத் தேடினாள். இல்லை. வயசானவர், மெதுவாக வருவார். முதல் வாரம் பதினொன்று. கழுகு பரிசுக் குலுக்கல் எல்லாம் வைத்துத் தன் ஆட்களைக் கூவிக் கூவிக் கூட்டிவந்தார். மெழுகுக்குக் கூவ வராது. ஐந்து தடவை எழுதி அடித்து, கடைசியில் இரண்டு வரி அனுப்பினாள்: 'உங்கள் ஓட்டு என்னிடம் இருக்கிறது. நீங்கள் இருக்கிறீர்கள் என்றால் ஒரு தட்டு போதும்.' அதற்கப்புறம் நான்கு பேர் வந்தார்கள்.

வேலையில் கவனம் சிதறியது. ஒரு செட்டில் மேல்பல்லைக் கீழே நட்டுவிட்டு, அதை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா அச்சு கொடுக்க வந்தபோது மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"டாக்டர், திரும்பி வராதவங்க எல்லாருக்கும் செட் நல்லாப் பொருந்திடுச்சுன்னுதானே அர்த்தம்?"

"எங்கக்கா! நிறையப் பேரு போடறதே இல்ல" என்றார் டாக்டரம்மா, கையுறையைக் கழற்றிக்கொண்டே. "ரெண்டு நாள் போட்டுப் பார்ப்பாங்க. அப்புறம் டம்ளர் தண்ணியில கிடக்கும். அவங்களும்தான் திரும்பி வர்றதில்ல. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் மெழுகு உருக்கும் விளக்கை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

இருபத்தைந்தாம் நாள் பதினெட்டு. இருபத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தொன்பது. ஒன்று குறைகிறது. அந்த ஒன்று யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முதலில் வந்தவர் கடைசியில் வருவார், கணக்கு அழகாகத்தான் இருந்தது. பத்தொன்பது பேர் கதவைத் தட்டி உள்ளே வந்து நிற்கிறார்கள். இவள் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறோம்.

அன்று வழக்கம்போல் தம்பி கூப்பிட்டான். ஞாயிறுதோறும் கார் ஓட்டிக்கொண்டே ஏழு நிமிடம் பேசுவான். கார் நின்றால் பேச்சும் நின்றுவிடும். "அப்புறம், வேற என்னக்கா?" என்று அவன் முடிக்கப் போகும்போது, அவள் நான்கு வருடத்தில் முதல்முறையாக நாற்பதாரைப் பற்றிச் சொன்னாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் முகவரி, நாற்பது, முதல் நாள், விற்காதது, எல்லாவற்றையும் சொன்னாள். "நாளைக்கு நாலு மணியோட முடியுதுடா. அவருக்கு ஏதாவது ஆயிருக்குமோன்னு பயமா இருக்கு" என்றாள்.

"இரு, இரு. முதல் நாளேவா? கரெக்டா நாப்பதா? கடைசியில நாலு ஸீரோ ஒன்பதா?"

"ஆமா. உனக்குத் தெரிஞ்சவரா?"

அவன் சிரிக்க ஆரம்பித்தான். வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற சிரிப்பு. "அக்கா! அது நீதான்க்கா! ஓட்டு ஒழுங்கா வந்து சேருதான்னு பார்க்க, உன் பழைய போன்ல இன்னொரு வாலட் ஓப்பன் பண்ணச் சொன்னேன்ல? அதுல நாப்பது காயின் போட்டு உனக்கே ஒப்படைச்சுப் பார்த்தோமே. டெஸ்ட்டுக்கா! மறந்துட்டியா?"

சேர்ந்த அன்று அவன் 'இதை அமுக்கு, அதை அமுக்கு' என்று சொன்ன வேகத்தில் எதை அமுக்கினோம் என்றே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பழைய போனை வைத்துக்கொண்டு ஏதோ செய்தது மட்டும் மங்கலாக நினைவு வந்தது. அப்புறம் அந்த போன் ஒயர் டப்பாவுக்குள் போய்விட்டது. நாற்பதார் விற்காததற்கும் காரணம் அதுதான்.

சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு எங்கேயோ உறைத்தது. குரலை இறக்கினான். "அக்கா... இருக்கியா?"

"ம்."

"இது நல்லதுதானேக்கா. ஒண்ணுதானே குறையுது? அந்த போனை சார்ஜ் போட்டு ஒரு தட்டுத் தட்டு. பின் நம்பர் என் பிறந்தநாள்தான். இருபது ஆயிடும். யாருக்குத் தெரியப் போகுது?"

"ம்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள். சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில், பின்னறையில், மெழுகு உருக்கும் விளக்குக்கும் அரைகுறையாகப் பல் நட்ட ஒரு தாடைக்கும் நடுவில் அந்தப் பழைய போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. எண் இன்னும் பத்தொன்பதில் நின்றது. இரண்டே முக்காலுக்குத் திரை உயிர் பெற்றது. தம்பியின் பிறந்தநாளைப் போட்டாள். திறந்துகொண்டது.

மேலே, 'உங்கள் பிரதிநிதி: மெழுகு' என்று இருந்தது. தன் பெயரை அந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. நடுவில் பச்சையாக ஒரு பட்டன்: உறுதிப்படுத்து. அதன் கீழே சின்ன எழுத்தில், 'படிக்காத காரணங்கள்: 214.'

கட்டைவிரல் பச்சைக்குப் போனது. ஒரு தட்டு. இருபது ஆகிவிடும். நாளைக் காலையும் சமையலறை மேசையில் உட்காரலாம், படிக்கலாம், எழுதலாம். இது இல்லாமல் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை என்ன செய்வது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்று தம்பி கேட்டதும் சரிதான். யாருக்கும் தெரியப் போவதில்லை. அவளைப் பற்றி எதுவுமே யாருக்கும் தெரியப் போவதில்லை.

விரல் கொஞ்சம் கீழே இறங்கி, 214-ஐத் தொட்டது. முதல் காரணம் திறந்தது. 'இது என் முதல் ஓட்டு. எனக்கு இதெல்லாம் புதிது. தப்பாக இருந்தால் தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்' என்று ஆரம்பித்திருந்தது. அவள் விரலை வரியின் கீழ் வைத்து மெல்ல ஓட்டிக்கொண்டு கடைசி வரை படித்தாள். தப்பாகத்தான் இருந்தது. கட்டணத்தை அவள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தாள். நான்கு வருடமாக ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாவதைப் படித்தாள். மூன்றாவதில் ஒரு நகைச்சுவை இருந்தது, அதற்குச் சிரிப்பு வந்தது. எட்டாவதில் கண் மங்கிவிட்டது, கைக்குட்டை தேட வேண்டியிருந்தது.

மூன்றரைக்கு டாக்டரம்மா தலையை நீட்டினார். "அக்கா, நூத்தி நாப்பத்தேழு..."

"உறுத்துதா?"

"இல்ல, ரெடியான்னு கேட்டேன். அழுதீங்களா?"

"மெழுகுப் புகை. நாளைக்குத் தந்துடறேன் டாக்டர்."

கதவு மூடியதும் அவள் புதுப் போனை எடுத்தாள். இந்தத் தடவை அடித்து அடித்து எழுதவில்லை.

'காரணம் 215. நான்கு மணியோடு முப்பது நாள் முடிகிறது. எனக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். இருபதாவதாக ஒருவர் உண்டு என்று நான்கு வருடம் நம்பியிருந்தேன். அது நான்தான் என்று நேற்றுத் தெரிந்தது. என் ஓட்டை நானே எனக்குக் கொடுத்துக்கொண்டு, யாரோ கொடுத்ததாகப் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போதும் ஒரு தட்டில் இருபது என்று காட்ட முடியும். காட்ட மாட்டேன். இருக்கிறாரா என்று கேட்டோம், இல்லை என்பதுதான் பதில். உங்கள் ஓட்டு உங்களிடமே வந்துவிடும், நன்றாகப் படித்துப் போடுங்கள். பத்தொன்பது பேருக்கும் நன்றி. நீங்கள் வந்தபோது நான் வேறு ஒருவருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மன்னிக்க வேண்டும்.'

மூன்று ஐம்பதுக்கு அனுப்பினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தாடையை இழுத்து, விட்ட இடத்திலிருந்து பல் நட ஆரம்பித்தாள்.

மேசைமேல் பழைய போன் ஒரு தடவை அதிர்ந்தது. நாற்பதாருக்குக் கடிதம் வந்திருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அதை எடுத்துப் படித்தாள்.